கொங்குக் கல்யாணத்தில் உலக வழக்கங்கள்: எதை எடுப்பது, எங்கே வைப்பது, முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது பல வரவேற்பு மேடைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. பூ வளைவு, தரையில் புகை, மூன்றடுக்குக் கேக், மணமக்கள் நுழையும்போது ஒரு பாட்டு. வெளிநாட்டுக் கல்யாணங்களைப் படத்தில் பார்த்து எடுத்தவை இவை. எடுத்ததில் தவறில்லை. ஆனால் படத்தில் தெரிவது அலங்காரம் மட்டும்தான். யார் யாருக்கு என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்பது படத்தில் வராது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் செயலைத்தான்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் சீர்களுக்கு, அதாவது சடங்குகளுக்கு, பஞ்சமே இல்லை. அதனால் புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைப்பவர், அதற்கு இங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இடம் இருந்தால் வந்தது நம் சீர் போலவே உட்கார்ந்துவிடும். இல்லையென்றால் எவ்வளவு செலவழித்தாலும் ஒட்டாது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு வழக்கம் போதும், மிஞ்சினால் இரண்டு.

படி 1: உங்கள் வீட்டுச் சீர்களை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்முச்சி என்று தாத்தா பாட்டிமாரில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய் உட்காருங்கள். கொங்கு வேளாளர் வீடு என்றால் உப்புச்சர்க்கரை மாற்றுவது, முகூர்த்தக்கால் நடுவது, பட்டினிச்சாதம், இணைச்சீர், தாய்மாமன் சீர், தாரை வார்ப்பது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார், என்ன பொருள் கைமாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது. கூட்டத்துக்குக் கூட்டம் (குலத்துக்குக் குலம்), ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். உங்கள் வீட்டு வழக்கத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள். தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களில், வேறு சமூகத்தார் வீடுகளில் பட்டியல் வேறாக இருக்கும். எழுதும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

அப்புறம் அருமைக்காரரைப் போய்ப் பாருங்கள். சீர்களை முன்நின்று நடத்திவைப்பவர் அவர். எந்தச் சீர் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால், எதை நகர்த்தலாம், எதைத் தொடவே கூடாது என்று அவர் சொல்வதுதான் முடிவு.

மங்கல வாழ்த்தையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கம்பர் பாடியது என்று கொங்கு மரபு சொல்லும் வாழ்த்து அது. குடிமகன் (சீர்களில் பணி செய்யும் நாவிதர்) அதைச் சொல்லும்போது மேளச் சத்தத்திலும் வீடியோ விளக்கின் பரபரப்பிலும் பாதிப் பேர் காதில் விழுவதே இல்லை. ஆனால் கல்யாணத்தின் நடப்பு முழுவதும், சீர் சீராக, அதற்குள்ளேயே வரிசையாக வருகிறது. வெளியிலிருந்து எதுவுமே எடுக்காமல், அந்த வாழ்த்தின்போது மேளத்தை நிறுத்தி, அதைச் சொல்பவருக்கு ஒரு நல்ல மைக்கும் அதற்குரிய மரியாதையும் கொடுத்தால் போதும், உங்கள் கல்யாணம் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும். நான் யாருக்கு யோசனை சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 2: யார் ஓரமாக நிற்கிறார்கள் என்று பாருங்கள்

எழுதிய பட்டியலை இப்போது வேறு கண்ணால் பாருங்கள். தாய்மாமனுக்கு இடம் இருக்கிறது. மாப்பிள்ளையின் அக்காளுக்கோ தங்கைக்கோ இணைச்சீரில் பெருமையான இடம் இருக்கிறது. சீர்க்கூடையான பேழைமூடியோடு அவள் வந்து நிற்கும்போது, தம்பிக்குக் கல்யாணம் ஆனாலும் உடன்பிறந்தவளின் உரிமை குறையாது என்று ஊரே பார்க்கிறது. உலகில் வேறெங்கும் இதற்கு ஈடாக ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இடமில்லாதவர்கள் யார்? முதலில், கணவனை இழந்த பாட்டிமார். பேரனையோ பேத்தியையோ தூக்கி வளர்த்த அம்முச்சி, கல்யாணத்தன்று தானாகவே பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை, அவரே ஒதுங்கிக்கொள்வார். இதைவிட வலிக்கிற ஒன்று நம் கல்யாணங்களில் இல்லை. இரண்டாவது, நண்பர்கள். அவர்கள் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். மூன்றாவது, மண்டபத்துக்கு வந்த ஊர்சனம். மொய் நோட்டில் பெயரும் தொகையும் பதிவாகின்றன, அவர்கள் மனதில் நினைத்த வாழ்த்து பதிவாவதில்லை.

வெளியிலிருந்து எடுக்கும் வழக்கம் முடிந்தவரை இந்த மூன்றில் ஒன்றை நிரப்ப வேண்டும்.

படி 3: பொருத்தம் பார்த்து எடுங்கள்

பெரியவர்களுக்குக் காப்பி கொடுப்பது. சீனக் கல்யாணத்தில் மணமக்கள் பெற்றோர், பாட்டன் பாட்டி, பெரியப்பா, மாமன் என்று மூப்பு வரிசைப்படி மண்டியிட்டுத் தேநீர் கொடுப்பார்கள். காய்ந்த சிவப்பு இலந்தைவகைப் பழமும் தாமரை விதையும் போட்ட இனிப்புத் தேநீர் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். வாங்கிக் குடித்தவர் சிவப்பு உறையில் பணமோ, நகையோ கொடுத்து வாழ்த்துவார். புகுந்த வீட்டாரை மருமகள் முதல்முறையாக முறை சொல்லிக் கூப்பிடுவதும் அப்போதுதான். ஜாவாவில் இதற்கு நெருக்கமான சுங்க்கெமான் என்ற சடங்கு உண்டு. பெற்றோரின் முழங்காலில் தலைவைத்துப் பணிந்து, இதுவரை செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டு ஆசி வாங்குவார்கள். கொரியாவில் பேபேக் என்று ஒன்று. மணமக்கள் தரையில் விழுந்து வணங்க, பெரியவர்கள் இலந்தைவகைப் பழத்தையும் செஸ்ட்நட் கொட்டையையும் வீசுவார்கள், மணமக்கள் துணி விரித்துப் பிடிப்பார்கள். பிடித்த எண்ணிக்கையை வைத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேலி பேசுவதும் உண்டு. அந்தக் கேலியை மட்டும் அங்கேயே விட்டுவிடலாம். அந்தப் பேச்சால் கல்யாணம் முடிந்த நாளிலிருந்தே மனம் நோகும் பெண்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறையப் பேர்.

இந்த மூன்றும் நமக்கு ஒரே இடத்தில் பொருந்துகின்றன: பாட்டிமார் ஒதுங்கி நிற்கும் அந்த இடத்தில். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி ஓடும்போது, மணமகள் அறையிலோ மண்டபத்தின் ஓரத்திலோ ஒரு பவானி ஜமுக்காளத்தை விரியுங்கள். முட்டி வலிக்காரர்கள் அதிகம் என்பதால் பெரியவர்களுக்கு நாற்காலி, மணமக்களுக்கு ஜமுக்காளம். கொடுப்பது சுக்குமல்லிக் காப்பி, இனிப்புக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இனிப்பில்லாமல் தனி பிளாஸ்கில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் மனம் கோணக்கூடாது என்று அவர்கள் குடித்துவிடுவார்கள். சின்ன டம்ளர், அரை டம்ளர் காப்பி. பட்டுச்சேலையில் கொதிக்கக் கொதிக்க எதையும் தூக்க வேண்டாம், வெதுவெதுப்பு போதும். தட்டைப் பிடிக்க ஒரு மச்சினியை நிறுத்துங்கள்.

வரிசை இரண்டு வீட்டையும் சேர்த்து வயதுப்படி இருக்கட்டும். பெண்வீடு, மாப்பிள்ளைவீடு என்று பிரித்தால் யார் முதலில் என்ற பேச்சு வரும். வயது என்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது, பல வீடுகளில் முதல் டம்ளர் தானாகவே அந்த அம்முச்சிக்குப் போய்விடும். அவர் தலையில் கை வைத்து வாழ்த்தட்டும். முகூர்த்த நேரத்தில் நடப்பதல்ல என்பதால் சாத்திரம் பேசுபவர்களுக்கும் சங்கடமில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுத்தால்தான் பேச முடியும். மைக் வேண்டாம், போட்டோகிராபர் ஒருவர் தள்ளி நின்று எடுத்தால் போதும். பெரியவர்கள் காதோடு சொல்வது மணமக்களுக்கு மட்டும்.

உப்பு. போலந்தில் புதுமணத் தம்பதியை விருந்துக் கூடத்தின் வாசலில் பெற்றோர் ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பார்கள். பசி தெரியாமல் வாழ வேண்டும், வருகிற கஷ்டத்தையும் சேர்ந்து தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். நைஜீரியாவின் யொரூபா மக்கள் தேன், உப்பு, கசக்கும் கோலாக் கொட்டை, காரமான மிளகு வகை ஆகியவற்றை மணமக்களுக்குச் சுவைக்கக் கொடுக்கிறார்கள். உகாதிப் பச்சடி சாப்பிடும் வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்மிடம் நிச்சயத்தின்போதே உப்புச்சர்க்கரை மாற்றும் வழக்கம் இருக்கிறது. ஆனால் மாற்றிய உப்பும் சர்க்கரையும் அன்றே சமையலறைக்குள் போய் மறைந்துவிடுகின்றன. அதில் ஒரு பிடியை எடுத்து, இரண்டு சின்ன மண் ஜாடிகளில் போட்டு மூடி வையுங்கள். பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் ஏறும்போது ஆரத்தி முடிந்ததும் மாமியாரும் மாமனாரும் சேர்ந்து அந்த ஜாடிகளைக் கையில் கொடுக்கட்டும். மறுநாள் அந்த உப்பைப் போட்டு மணமக்கள் இருவரும் சேர்ந்து அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி எல்லோருக்கும் பரிமாறலாம். மாப்பிள்ளையும் அடுப்படிக்கு வர வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். செலவு என்று ஒன்றுமே இல்லாத வழக்கம் இது. உப்பு ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால் கல்லுப்பாக, மூடி இறுகிய ஜாடியில் வையுங்கள்.

எல்லோர் கையெழுத்தும். கிறிஸ்தவத்தில் குவேக்கர் என்ற பிரிவினரின் கல்யாணத்தில் நடத்திவைக்கப் பாதிரியார் கிடையாது. எல்லோரும் அமைதியாக அமர்ந்திருக்க, மணமக்கள் எழுந்து ஒருவருக்கொருவர் உறுதி சொல்வார்கள். முடிந்ததும் வந்திருந்த அத்தனை பேரும், குழந்தைகள் உட்பட, திருமணச் சான்றிதழில் சாட்சியாகக் கையெழுத்திடுவார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் இது. நம் மண்டபத்தில் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை போடலாம். மொய் வேண்டாம் என்று பத்திரிகையிலேயே போட்ட வீடுகளில் அந்த மேசையே இதற்கு ஆகும். மேலே மணமக்கள் பெயர், நாள், ஊர், தாங்கள் சொல்லிக்கொள்ளும் உறுதிமொழி இரண்டு வரி. கீழே வெற்றிடம். கெட்டியான பெரிய தாள், தண்ணீர் பட்டால் கரையாத மைப் பேனா இரண்டு, மைத்தட்டு ஒன்று. கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்கள் பெருவிரல் ரேகை வைக்கட்டும், பின்னாளில் அந்தத் தாளில் நீங்கள் முதலில் தேடுவது அந்த ரேகைகளைத்தான். ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் ஒரு தாள் போதாது, முன்கூட்டியே நான்கைந்து தாள்கள் அடித்து வையுங்கள். மேசையில் பேசிச் சிரித்துக் கூப்பிடத் தெரிந்த ஒரு மாமன் இருந்தால் வேலை தானாக நடக்கும்.

நண்பர்களுக்குக் கும்மி. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கல்யாணங்களில் மணமக்களின் உறவும் நட்பும் எழுந்து ஹாகா என்ற தங்கள் மரபு ஆட்டத்தை ஆடி மரியாதை செய்வார்கள். ஆடுபவர்கள் காசு கொடுத்து வரவழைத்தவர்கள் அல்ல, சொந்தக்காரர்கள். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான். நமக்கு ஹாகா எதற்கு? வள்ளியை முருகன் மணந்த கதையைச் சொல்லும் வள்ளிக்கும்மி இருக்கிறது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகவே 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொங்கு நாட்டு ஊர்கள் பலவற்றில் இப்போது சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முழுக் கதையும் வேண்டாம். ஒரு பாட்டு, இரண்டு அடவு, நண்பர்களும் தாயாதிகளும் சில வாரங்கள் சனி ஞாயிறுகளில் பழகினால் வரவேற்பு மாலையில் பத்து நிமிடம் ஆடிவிடலாம். டீஜே வைத்தாலும் வைக்கலாம், கும்மிக்குப் பிறகு வையுங்கள்.

துணி. வெள்ளைக் கவுன் ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்கிறோம். 1840 பிப்ரவரி 10 அன்று இங்கிலாந்து ராணி விக்டோரியா வெள்ளைச் சாட்டின் உடையில் மணமுடித்த பிறகுதான் அது பெரிய அளவில் பரவியது. அந்த உடையில் தைத்த, ஹானிட்டன் என்ற இங்கிலாந்து ஊரின் பெயர் தாங்கிய லேசை, நலிந்திருந்த உள்ளூர்க் கைத்தொழிலாளருக்கு வேலை கிடைக்கட்டும் என்று சொல்லிச் செய்ய வைத்தார்கள். வெள்ளை நிறத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டோம், அந்த நல்ல எண்ணத்தை எடுக்கவில்லை. சிறுமுகைப் பட்டும் நெகமம் பருத்திச் சேலையும் சென்னிமலைத் துணிகளும் இங்கேயே தறியில் ஓடுகின்றன. யொரூபாக்காரர்கள் கல்யாணத்துக்கு வரும் உறவினர் எல்லோரும் ஒரே துணியில் உடுத்தும் வழக்கத்தை அசோ எபி என்கிறார்கள். அதில் துணிக்காசு பெரும்பாலும் வருபவர் தலையில்தான் விழும். நாம் அதைச் செய்ய வேண்டாம். இணைச்சீர்க்காரிக்கும் நெருங்கிய அக்கா தங்கைகளுக்கும் மட்டும் ஒரே தறியில் நெய்த சேலையை நாமே எடுத்துக் கொடுக்கலாம். நெசவாளரிடம் நேரில் சொல்வதானால் மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். பண்டிகைக் காலத்தில் தறி கிடைக்காது.

வாசல். இந்தோனேசியாவில் கல்யாண வீட்டு வாசலில் இளந்தென்னங்குருத்தைப் பின்னி மூங்கிலில் வளைத்துக் கட்டுவார்கள். தெர்மாக்கோல் வளைவைவிட அது நமக்கு நெருக்கம், ஏனென்றால் குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்தவர்கள் நம் கோயில் விழாக்களிலேயே இருக்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்றால் தோப்புக்காரரிடம் கேட்டு வாங்கலாம். ஒரே மரத்தில் பல குருத்துகளை வெட்டினால் மரம் கெட்டுவிடும், வெட்டப் போகும் மரங்களில் எடுப்பது நல்லது. முதல் நாள் இரவு ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் காலையில் வாடாது.

படி 4: இவற்றை விட்டுவிடுங்கள்

அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு சமயத்தின் கருவறைக்குள் இருப்பதை வெளியே எடுக்கக் கூடாது. கிரேக்கத் திருச்சபையில் மணமக்கள் தலையில் மாற்றி மாற்றி வைக்கும் நாடா கட்டிய முடிகளும், யூதர்களின் நான்கு கால் விதானமான ஹுப்பாவும், ஜப்பானிய ஷின்டோ கோயிலில் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று முறையாக சாக்கே என்ற அரிசி மதுவை அருந்தும் சடங்கும் அப்படிப்பட்டவை. நம் தாலியை வேறொருவர் மேடை அலங்காரமாக மாட்டிக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதே நியாயம்தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் துடைப்பத்தைத் தாண்டிக் குதிப்பதையும் எடுக்காதீர்கள். சட்டப்படி மணம் முடிக்கும் உரிமையே மறுக்கப்பட்ட அடிமைக் காலத்தின் நினைவு அது. அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

ஜெர்மனியில் முதல் நாள் மாலை பீங்கான் உடைப்பார்கள், யூதர்கள் கண்ணாடி உடைப்பார்கள். நம் ஆத்தாமார் முன்னால் கண்ணாடி உடைந்தால் அன்று முழுவதும் அவர்கள் மனம் சரியாக இருக்காது. நமக்குத் தேங்காய் போதும்.

படி 5: நேரத்தைக் குறியுங்கள்

முகூர்த்த நேரத்தைத் தொடாதீர்கள். இது மாற்றமில்லாத விதி. நீங்கள் எடுத்தது எதுவோ அதற்கான நேரம் இது: முந்தைய மாலை வரவேற்பில் கும்மி, விருந்தினர் வந்ததிலிருந்து மறுநாள் மதியம் வரை கையெழுத்து மேசை, தாலி கட்டியபின் காப்பி, வீடு போனபின் உப்பு. இரவுச் சீர்கள் தொடங்குவதற்கு முன் கும்மி முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் இணைச்சீர் நடுராத்திரிக்குப் போய்விடும்.

திறந்தவெளி வைப்பவர்கள் பருவத்தையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வீசியடிக்கும். ஆவணியிலும் அது முழுதாக அடங்கியிருக்காது. மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கங்கள் அங்கே எடுபடாது, தாள் மேசையையும் உள்ளே போடுங்கள். ஐப்பசியில் மழைக்கு மாற்று இடம் கட்டாயம்.

படி 6: வீட்டில் பேசுங்கள்

அப்பா அம்மாவுக்கு முன்னால் தாய்மாமனிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால் பாதி வேலை முடிந்தது. படத்தைக் காட்டிப் பேசாதீர்கள், ஆளைச் சொல்லிப் பேசுங்கள். பேச்சு இப்படிப் போனால் நல்லது:

"மாமா, முகூர்த்தத்துல ஒண்ணும் மாத்தலீங்க. தாலி கட்டி முடிஞ்சப்புறம் பெரியவங்களுக்கு நாங்களே காப்பி குடுத்துக் கும்புட்டுக்கறோமுங்க. மொத டம்ளர் அம்முச்சிக்குங்க."

"அம்முச்சி ஒத்துக்குமா கண்ணு? அது முன்னாடியே வராதே."

"நீங்க போய்க் கையப் புடிச்சுக் கூட்டியாந்தா வருமுங்க மாமா."

இதில் மாமனுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம், கவனியுங்கள். வேலை கிடைத்தவர் எதிர்க்கமாட்டார். அப்படியும் வீட்டில் ஒருவர் மனதார வேண்டாம் என்றால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

படி 7: ஒரு ஆள், ஒரு பை

ஒவ்வொரு வழக்கத்துக்கும் பொறுப்பாக ஒரே ஒருவரை வையுங்கள், மணமக்கள் அல்லாத ஒருவர். அவர் கையில் ஒரு பை. காப்பிக்கு என்றால் டம்ளர், தட்டு, இரண்டு பிளாஸ்க், துடைக்க ஈரிழைத் துண்டு, பெரியவர்கள் பெயர் எழுதிய சீட்டு. மண்டபக்காரரிடமும் சமையல்காரரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பந்தி நேரத்தில் சுக்குக்காப்பி கேட்டால் யாருக்கும் காதில் ஏறாது. அறிவிப்பவருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: இந்த வழக்கம் எந்த நாட்டினுடையது, இன்று ஏன் செய்கிறோம். எங்கிருந்து எடுத்தோம் என்று ஊருக்குச் சொல்வது மரியாதை.

படி 8: சட்டம்

சடங்கே வேண்டாம் என்பவர்களுக்கும், இரண்டு வீட்டு முறைகளும் ஒத்துவராத இந்து மணமக்களுக்கும் தமிழ்நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு அது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். மணமக்கள் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பத்திரிகை அடிக்கும் முன்பே தொடங்குங்கள்.

எப்படி நடந்தாலும் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம், 90 நாட்களுக்குள். தவறினால் அடுத்த 60 நாட்கள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். எல்லோரும் கையெழுத்திட்ட உங்கள் தாள் வீட்டுச் சுவருக்குத்தான், சார்பதிவாளர் அலுவலகத்தில் அது செல்லாது. அங்கே பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், சாட்சிகள் என்று கேட்பார்கள். மறுவீட்டு அழைப்பு முடிந்து இரண்டு வீட்டாரும் ஊரில் இருக்கும் வாரத்திலேயே போய்விட்டு வாருங்கள்.